கின்ஷாசாவா, டோக்கியோவா?

செல்லூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் காலை ஐந்தரைக்கு ஆறு பையன்களும் இரண்டு பெண்பிள்ளைகளும் பாக்ஸிங் பழக வருகிறார்கள். கிளப், பெயர்ப்பலகை எதுவும் கிடையாது. இரும்புக் கம்பியில் தொங்கும் ஒரு பை, தரையில் பெயிண்டால் கோடு போட்ட சதுரம், நான்கு ஜோடி கிளவுஸ். போன மாதம் பயிற்சி முடிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஒருவன் கேட்டான்: “அண்ணே, இதுவரைக்கும் நடந்த ஃபைட்லயே பெரிய ஜெயிப்பு எதுண்ணே? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அதை உக்காந்து முழுசாப் பாக்கணும்.”

இந்தப் பிள்ளைகள் பாக்ஸிங் பார்ப்பதெல்லாம் போனில்தான், அரை நிமிடத் துண்டுகளாக. ஒருவன் விழுவதைப் பார்ப்பார்கள். அவன் விழுவதற்கு முன்னால் அரைமணி நேரம் என்ன நடந்தது என்று பார்த்ததே இல்லை. அதனால் அந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு டிவியில் ஒரு சண்டை, முதல் மணியிலிருந்து கடைசி வரை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். எந்தச் சண்டை என்று முடிவெடுக்க இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரமும், சிம்மக்கல்லில் டயர் கடை வைத்திருக்கும் என் மச்சானோடு தினமும் வாக்குவாதம். 1990-ல் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் மைக் டைசனை வீழ்த்தினாரே, மச்சானுக்கு அதற்கு மேல் ஒரு வெற்றி கிடையாது. எனக்கு 1974-ல் ஆப்பிரிக்காவில் கின்ஷாசா நகரத்தில் முகமது அலி ஜார்ஜ் ஃபோர்மேனை வீழ்த்தியது. கடைசியில் அலியைத்தான் போட்டுக் காட்டினேன். ஏன் என்பதை மச்சான் பக்க நியாயத்தையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

முதலில் ஒதுக்கியவற்றைச் சொல்லிவிடுகிறேன். 1970-க்கு முந்தையதை எடுத்துக்கொள்ளவில்லை. ஜோ லூயிஸ் 1938-ல் ஷ்மெலிங்கை முதல் ரவுண்டிலேயே முடித்தது பெரிய வெற்றிதான், ஆனால் அது வேறு காலம். 1975-ல் மணிலாவில் நடந்த அலி - ஃப்ரேசியர் சண்டையைவிடக் கடுமையான ஒன்றை நான் பார்த்ததில்லை. ஆனால் அதில் 14 ரவுண்டு முடிந்ததும் ஃப்ரேசியருக்குக் கண்ணே தெரியாத நிலையில் அவருடைய கோச் எடி ஃபட்ச் நிறுத்திவிட்டார். நிறுத்திய சற்று நேரத்தில் அலியும் தரையில் சாய்ந்துவிட்டார். அதை ஒருவருடைய வெற்றி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 1987 லெனார்ட் - ஹாக்லர் சண்டையில் நடுவர்கள் மூவரும் ஒத்துப்போகாமல் கொடுத்த தீர்ப்பைப் பற்றி இன்றுவரை பேச்சு ஓயவில்லை. 1996-ல் ஹோலிஃபீல்டு, ரெஃப்ரி சண்டையை நிறுத்தும் அளவுக்கு டைசனை 11-ஆம் ரவுண்டில் அடித்து ஜெயித்தார், நல்ல வெற்றி. ஆனால் அது சிறைக்குப் போய் வந்த டைசன்.

மிஞ்சியது கின்ஷாசாவும் டோக்கியோவும்தான். இரண்டிலும் தோற்றவர் அதுவரை தோல்வியே காணாத ஹெவிவெயிட், அதாவது எல்லாவற்றிலும் கனமான பிரிவின், சாம்பியன். இரண்டுமே நாக்அவுட். இரண்டிலும் ஜெயித்தவர் ஜெயிப்பார் என்று நம்பியவர்கள் கொஞ்சம் பேர்தான். அதிர்ச்சி என்று பார்த்தால் டோக்கியோ ஒரு படி மேலே நிற்கும். டக்ளஸுக்குப் பந்தயக் கணக்கு 42-க்கு 1, அதாவது அவர் மேல் ஒரு ரூபாய் கட்டி ஜெயித்தால் 42 ரூபாய் லாபம். லாஸ் வேகாஸில் பல பந்தயக் கடைகள் அந்தச் சண்டைக்குப் பந்தயமே எடுக்கவில்லை. இதில் நான் மச்சானோடு மல்லுக்கு நிற்கவில்லை. அதிர்ச்சிதான் அளவுகோல் என்றால் டோக்கியோவுக்கே கொடுத்துவிடலாம்.

என் அளவுகோல் வேறு. அது எங்கப்பாவிடமிருந்து வந்தது.

அப்பாவுக்குச் சொந்த ஊர் பாலமேடு. தை இரண்டாம் நாள் ஜல்லிக்கட்டுக்கு என்னைத் தோளில் வைத்துக் கூட்டிப்போவார். மாடு பிடிபட்டதும் எல்லோரும் பிடித்தவனைப் பார்த்துக் கைதட்டுவார்கள். அப்பா மாட்டைப் பார்ப்பார். வாயில் நுரை கட்டியிருக்கிறதா, விலா ஏறி இறங்குகிறதா, பின்னங்கால் தடுமாறுகிறதா என்று பார்ப்பார். ராத்திரி முழுக்க வரிசையில் நின்று, தண்ணீர் குடிக்காமல், மத்தியான வெயிலில் வாடிவாசலுக்குள் தள்ளப்பட்ட மாடாக இருந்தால், “மாடு அசந்து வந்துச்சுப்பா” என்பார். அதோடு சரி. பிடித்தவனுக்குப் பரிசு உண்டு. அப்பா கணக்கில் பேர் கிடையாது. காலையில் முதல் சுற்றில் வெளியே பாய்ந்து, ஓடாமல் திரும்பி நின்று, கொம்பை ஆட்டி ஆளைத் தேடுகிற மாட்டின் திமிலில் ஒருவன் தொங்கினால்தான் அப்பா எழுந்து நிற்பார்.

இதன் அர்த்தம் எனக்கு முழுசாகப் புரிந்தது கல்லூரி இரண்டாம் வருடத்தில். 54 கிலோ பிரிவில் ஒரு போட்டி. எதிரில் வேறு மாவட்டத்துப் பையன். என்னைவிட நீளமான கை, நல்ல ஜேப் (முன்னால் வைத்த கையால் விடும் நேர்க்குத்து) உள்ளவன் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். இரண்டாவது ரவுண்டிலேயே ரெஃப்ரி சண்டையை நிறுத்தி என் கையைத் தூக்கினார். நண்பர்கள் என்னைத் தூக்கிச் சுற்றினார்கள். கொஞ்ச நேரம் கழித்து முகம் கழுவக் குழாயடிக்குப் போனேன். அவன் அங்கே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கூட வந்தவன் அவன் கையில் சுற்றியிருந்த பேண்டேஜைப் பிரித்துக்கொண்டிருந்தான். விரல்கள் வெளுத்து, நுனி சுருங்கிக் கிடந்தன. நடுமத்தியானத்தில் உடம்பு நடுங்கியது. எடையைக் குறைக்க இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, தண்ணீரும் வாயைக் கொப்பளிக்க மட்டும்தான் என்று கூட இருந்தவன் சொன்னான். அந்தப் பையன் என்னைப் பார்த்து, “நல்லா அடிச்சீங்கண்ணே” என்றான்.

அந்த மெடல் இன்னும் பீரோவில் இருக்கிறது. அந்தச் சண்டையை மட்டும் நான் யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை.

ஆகவே ஒரு வெற்றியைப் பார்க்கும்போது நான் கேட்பது ஒன்றுதான்: தோற்றவன் அன்றைக்கு எந்த நிலையில் வந்தான்? அவன் முழு பலத்தில் வந்திருந்தால்தான் வெற்றிக்கு முழு மதிப்பு. அந்த மதிப்பு பிற்பாடு ஏறுமா இறங்குமா என்பதையும் சேர்த்துப் பார்ப்பேன். தோற்றவன் அதற்குப் பிறகு என்ன ஆனான், ஜெயித்தவன் என்ன ஆனான் என்பதில் அது தெரிந்துவிடும்.

முதலில் டோக்கியோ. 1990 பிப்ரவரி 11. டைசனுக்கு வயது 23, அதுவரை 37 சண்டை, 37 வெற்றி. 1988-ல் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 விநாடியில் முடித்தவர். அதே வருடக் கடைசியில் தன்னைப் பழக்கிய கெவின் ரூனியை விலக்கிவிட்டார். அடுத்த வருடம் மணவாழ்க்கையும் முறிந்தது. டோக்கியோவுக்கு வந்த பிறகு பயிற்சிச் சண்டையில் கிரெக் பேஜ் அவரைக் கீழே தள்ளினார். சண்டை நடக்கும்போது டைசனின் கண் வீங்கியது. வீக்கத்தை அமுக்கும் குளிர்ந்த இரும்புத் துண்டு எந்தக் கார்னரிலும், அதாவது ரவுண்டுக்கு நடுவே வீரனைக் கவனிக்கும் ஆட்கள் நிற்கிற மூலையில், இருக்கும். உலக சாம்பியனின் கார்னரில் அது இல்லை. ரப்பர் கையுறையில் குளிர்ந்த தண்ணீரை நிரப்பி அவர் கண்ணில் வைத்தார்கள். முதல்முறை அதைப் பார்த்தபோது எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. என் மொட்டைமாடியில்கூட வீக்கத்துக்கு ஐஸ் கட்டி தயாராக இருக்கும். கவனிக்க ஆளில்லாமல் வந்த மாடு அது.

இதைச் சொன்னதும் மச்சான் கையிலிருந்த லீவரைக் கீழே வைத்துவிட்டார். “மாப்ள, பயிற்சிக்குப் போகாதது யார் குத்தம்? எடை குறைக்கச் சொல்லி எவனாச்சும் அவனைப் பட்டினி போட்டானா? நல்லவங்களை வெரட்டிட்டு ஆமாஞ்சாமிகளைப் பக்கத்துல வச்சுக்கிட்டது அவன். அதுக்கு டக்ளஸ் என்ன பண்ணுவாரு?”

இது வலுவான வாதம். இதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். டக்ளஸ் மீது எந்தக் குறையும் இல்லை. சண்டைக்கு மூன்று வாரம் முன்னால் அவருடைய அம்மா இறந்துபோனார். அந்தத் துக்கத்தோடு வந்தவர், நீளமான ஜேப்பும் பின்னாலேயே வலது கையுமாக ரவுண்டுக்கு ரவுண்டு டைசனை அடித்துக்கொண்டே இருந்தார். எட்டாவது ரவுண்டின் கடைசியில் டைசனின் அப்பர்கட், அதாவது கீழிருந்து மேலே விடும் குத்து, அவரை மல்லாக்கத் தள்ளியது. எழுந்தார். விழுந்தவன் எழ ரெஃப்ரி பத்து எண்ணுவார், அந்த எண்ணிக்கை நீண்டுவிட்டது என்று பிறகு டைசன் தரப்பு பெரிய சண்டை போட்டது. ரெஃப்ரி எண்ணுவதைப் பார்த்துத்தான் வீரன் எழுவான் என்பதால் எனக்கு அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. பத்தாவது ரவுண்டில் அப்பர்கட்டில் டைசனின் தலையை நிமிர்த்திவிட்டு, தொடர்ந்து விட்ட குத்துகளில் முடித்தார். டைசன் தரையில் தவழ்ந்து மவுத்பீஸைத் தேடி எடுத்து, ஒரு முனை வெளியே துருத்திக்கொண்டிருக்க வாயில் கவ்விக்கொண்டு எழ முயன்றதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

வெற்றி பெரியதுதான். ஆனால் பிற்பாடு? அதே வருடம் அக்டோபரில் ஹோலிஃபீல்டுக்கு எதிராக வந்த டக்ளஸ், டோக்கியோவில் இருந்ததைவிடக் கிட்டத்தட்ட 15 பவுண்டு கூடுதல் எடை. மூன்றாவது ரவுண்டில் விழுந்தார், எழவில்லை. சாம்பியன் பெல்ட் கையில் இருந்தது எட்டரை மாதம். டைசன் மறுபடி பட்டம் வென்றார் என்றாலும், ஹோலிஃபீல்டு, லெனாக்ஸ் லூயிஸ் என்று பெரிய கைகளிடமெல்லாம் தோற்றார். வருடம் போகப்போக டோக்கியோவின் மதிப்பு, எனக்கு, கொஞ்சம் இறங்கித்தான் வந்திருக்கிறது. அந்த ஒரு நாள் மட்டும் அப்படியே மின்னுகிறது.

கின்ஷாசா இதற்கு நேர் எதிர். 1974 அக்டோபர் 30. ஃபோர்மேனுக்கு 25 வயது. 40 சண்டை, 40 வெற்றி, அதில் 37 நாக்அவுட். அலியை 1971-ல் தோற்கடித்த ஃப்ரேசியரை ஃபோர்மேன் இரண்டே ரவுண்டில் ஆறு தடவை தரையில் போட்டார். 1973-ல் அலியின் தாடையை உடைத்து ஜெயித்த நார்ட்டனையும் இரண்டே ரவுண்டு. கின்ஷாசாவுக்கு முந்தைய அவருடைய எட்டுச் சண்டைகளில் ஒன்றுகூட இரண்டாவது ரவுண்டைத் தாண்டவில்லை. அலிக்கு 32 வயது. வியட்நாம் போருக்குப் போகமாட்டேன் என்று 1967-ல் மறுத்ததால் பட்டத்தைப் பறித்து, மூன்றரை வருடம் ரிங்கில் ஏறவிடவில்லை. கால்களின் பழைய வேகம் அதோடு போனது. அலிக்கு என்ன ஆகுமோ என்று அவர் பக்கத்து ஆட்களே பயந்தார்கள்.

சரி, அன்றைக்கு ஃபோர்மேன் எந்த நிலையில் வந்தார்? மச்சான் இங்கேதான் என்னை மடக்கப் பார்த்தார். பயிற்சியில் கண்ணுக்கு மேல் வெட்டுப்பட்டு, செப்டம்பரில் நடக்கவேண்டிய சண்டை ஐந்து வாரம் தள்ளிப்போனது. ரிங் கயிறு தொய்ந்திருந்தது. அலியின் கோச் ஏஞ்சலோ டண்டீதான் தளர்த்திவிட்டார் என்று பேச்சு, டண்டீ மறுத்தார். தனக்குக் கொடுத்த தண்ணீரில் மருந்து ருசி இருந்தது என்று ஃபோர்மேன் பின்னாளில் சொன்னார். “உன் மாடும் அசந்துதான வந்துச்சு?” என்றார் மச்சான்.

நான் அந்த முதல் ஐந்து ரவுண்டுகளை மறுபடி மறுபடி பார்த்துவிட்டேன். அசந்து வந்தவன் அப்படி அடிக்கமாட்டான். வெட்டு ஆறுவதற்காகத்தான் சண்டையைத் தள்ளிவைத்தார்கள். ஆறிய பிறகுதான் ஃபோர்மேன் ஏறினார். ஒவ்வொரு குத்திலும் தோளிலிருந்து இடுப்பு வரை திரும்புகிறது. அலியின் உடம்பு அப்படியே பின்னால் வளைகிறது. அது முதல் சுற்றில் பாய்ந்து வந்து திரும்பி நிற்கிற மாடு.

ஃபோர்மேனிடம் குறை இருந்தது, உண்மை. நீண்ட நேரம் சண்டை போட்டுப் பல நாள் ஆகிவிட்டது, மூச்சுப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. ஆனால் அது அன்றைய அசதி இல்லை. அவருடைய பலத்தோடு ஒட்டிப் பிறந்த குறை. எல்லோரையும் இரண்டு ரவுண்டில் முடிக்கிறவனுக்கு ஐந்தாவது ரவுண்டு பழக்கம் எங்கிருந்து வரும்? அந்தக் குறை ஃப்ரேசியர் எதிரில் நின்றபோதும் அவரிடம் இருந்தது, நார்ட்டன் நின்றபோதும் இருந்தது. ஐந்தாவது ரவுண்டு வரை தாக்குப்பிடிக்க அவர்களால் முடியவில்லை. டைசனின் விஷயம் அப்படி இல்லை. ஸ்பிங்க்ஸை அடித்த டைசனிடம் டோக்கியோவில் பார்த்த மந்தம் கிடையாது. இரண்டு வருடத்தில் சேர்ந்தது அது. மச்சானுக்கு நான் சொன்ன பதில் இதுதான், இன்னும் அவர் ஏற்கவில்லை.

அடுத்தது, அந்தக் குறையை அலி எப்படிக் கண்டுபிடித்தார் என்பது. முதல் ரவுண்டில் அவர் கயிற்றில் சாயவில்லை. நடுவில் நின்று, ஜேப் இல்லாமல் நேராக வலது கையை விட்டார். எதிரில் இருப்பவனுக்கு அது அவமானம். நீ அதைத் தடுக்கக்கூட மாட்டாய் என்று சொல்வதற்குச் சமம். குத்துகள் இறங்கின, ஃபோர்மேன் நிற்கவில்லை. ரிங்கைக் குறுக்கே வெட்டி அலியை மூலைக்குத் தள்ளிக்கொண்டே வந்தார். தரை மெத்தென்று இருந்தது, அலிக்குக் கால் ஓடவில்லை. இரண்டாவது ரவுண்டிலிருந்து அலி தானாகப் போய்க் கயிற்றில் சாய்ந்துகொண்டார். “வெளியே வா” என்று அவர் கார்னரே கத்தியது. வரவில்லை. முழங்கைகளை விலாவோடு ஒட்டி, கிளவுஸை முகத்தில் வைத்து, தலையைக் கயிற்றுக்கு வெளியே சாய்த்து, ஃபோர்மேனை அடிக்கவிட்டார். தலைக்கு வந்ததெல்லாம் முக்கால்வாசி தவறியது. மிச்சம் கையில் விழுந்தது, விலாவில் விழுந்தது.

இந்த இடத்தில் டிவியை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளை மாடிக்குக் கூட்டிப்போனேன். இருப்பதிலேயே பலசாலியான பையனிடம், “நிக்காம, முழு வேகத்துல பையைக் குத்துடா, மூணு நிமிஷம்” என்றேன். ஒரு நிமிடம் வரை பை ஆடிய ஆட்டத்தில் மேலே கம்பி கிறீச்சிட்டது. ஒன்றரை நிமிடத்தில் கை இடுப்புக்கு இறங்கிவிட்டது. இரண்டாவது நிமிடம் அவன் பையைத் தள்ளிக்கொண்டுதான் இருந்தான், குத்து இல்லை. அப்புறம் ஒரு பெண்பிள்ளையைக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நிற்கச் சொல்லி, நெருங்கி வருகிறவன் பிடரியில் கைபோட்டுக் கீழே அமுக்கச் சொன்னேன். அலி அதைத்தான் செய்துகொண்டே இருந்தார். 100 கிலோ ஆளின் கழுத்தில், ஒவ்வொரு அணைப்பிலும் தன் எடையை ஏற்றினார். அந்தப் பையன் நாலு தடவை கழுத்தை நிமிர்த்தியதற்கே, “வலிக்குதுண்ணே” என்றான். கீழே வந்து மிச்சத்தைப் பார்த்தோம். இப்போது அவர்கள் பார்வை மாறியிருந்தது. “அண்ணே, தள்ள ஆரம்பிச்சுட்டாரு” என்று ஃபோர்மேனைக் காட்டி முதலில் சொன்னது அந்தப் பையன்தான்.

நேரத்தையும் நினைத்துப் பாருங்கள். அமெரிக்காவில் பார்க்க வசதியாக, அங்கே விடிகாலை நான்கு மணிக்குச் சண்டை வைத்தார்கள். மழைக்கு முந்தைய புழுக்கம். நம் ஊரில் மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு வராமல் நிற்கிற நாளில் பயிற்சி செய்தவர்களுக்குத் தெரியும், மூச்சு உள்ளேயே இறங்காது. முழு பலத்தில் குத்துகிறவனுக்கு இரட்டைச் செலவு, சாய்ந்து நிற்கிறவனுக்குப் பாதி. சண்டை முடிந்த கொஞ்ச நேரத்தில் பேய்மழை கொட்டியது.

எட்டாவது ரவுண்டு முடிய சில விநாடிகள் இருக்கும்போது அலி கயிற்றிலிருந்து கழன்று வந்தார். வரிசையாகக் குத்துகள், கடைசியில் ஒரு இடது, நேராக ஒரு வலது. ஃபோர்மேன் சுழன்று, கால் மாறி, மெதுவாகச் சாய்ந்தார். சாயும்போது அலியின் வலது கை மறுபடி ஓங்கியிருந்தது. அவரைச் சுற்றியே அலியும் நகர்ந்தார். ஓங்கிய கையை இறக்கவில்லை, விடவும் இல்லை.

அதற்குப் பிறகு நடந்தது இந்த வெற்றியின் மதிப்பைக் கூட்டிக்கொண்டே போனது. ஃபோர்மேன் 1977-ல் ஓய்வு பெற்று, மதபோதகரானார். பத்து வருடம் கழித்துத் திரும்பி வந்தார். 1994 நவம்பரில், 45 வயதில், மைக்கேல் மூரரை பத்தாவது ரவுண்டில் வீழ்த்தி மறுபடி ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். அலியிடம் பட்டம் இழந்து 20 வருடம். அதைப் பார்த்த பிறகுதான் 1974-ல் அலி எப்படிப்பட்டவரைச் சாய்த்தார் என்று பலருக்கு உறைத்தது. தோற்றதற்கு ஆரம்பத்தில் காரணம் தேடிய ஃபோர்மேன் பிறகு அலிக்கு நெருங்கிய நண்பரானார். 1997 ஆஸ்கர் விழாவில், நடுக்க நோயால் தடுமாறிய அலி மேடைப்படி ஏறக் கைகொடுத்தவர் அவர்தான்.

ஒரு விஷயம் மனதை உறுத்துகிறது, அதையும் சொல்லவேண்டும். கயிற்றில் சாய்ந்து வாங்குகிற வித்தையை அலி பிற்பாடும் விடவில்லை, அதிகமாகவே வாங்கினார். அந்த நோய்க்கும் அவர் வாங்கிய குத்துகளுக்கும் தொடர்பு உண்டு என்று பலர் நினைக்கிறார்கள். அதனால் பிள்ளைகளிடம் தெளிவாகச் சொன்னேன்: இதைப் பார்த்துப் புரிந்துகொள்ளுங்கள், செய்யக்கூடாது. உங்கள் மூன்று ரவுண்டு அமெச்சூர் சண்டையில் இப்படிச் சாய்ந்து நின்றால் பாயிண்டும் போகும், விலாவும் போகும்.

கின்ஷாசாவை நெருங்கி வருவது என்றால் 1981 லெனார்ட் - ஹியர்ன்ஸ். ஹியர்ன்ஸுக்கு 22 வயது, 32 சண்டையும் வெற்றி, கை நீளம் பயமுறுத்தும். லெனார்டின் இடது கண் வீங்கி மூடிவிட்டது. மூன்று நடுவர்களின் அட்டையிலும் பின்தங்கியிருந்தார். 13-ஆம் ரவுண்டுக்கு முன்னால் டண்டீ, இங்கேயும் அவரேதான், கோட்டை விடுகிறாய் மகனே என்று கார்னரில் எச்சரித்தார். லெனார்ட் போய் அந்த ரவுண்டிலேயே ஹியர்ன்ஸைக் கயிற்றுக்குள் தள்ளினார், 14-ல் சண்டை நின்றது. தோற்றவர் முழு பலத்தில் இருந்தாரா என்றால் கிட்டத்தட்ட ஆம். எனக்கு இருக்கும் ஒரே தயக்கம் எடை: 147 பவுண்டு வரை அனுமதி இருக்க, ஹியர்ன்ஸ் 145-ல் வந்தார். அவ்வளவு உயரத்துக்கு அது ரொம்ப வற்றிய உடம்பு. குழாயடியில் பார்த்த அந்தப் பையனின் விரல்கள் எனக்கு ஞாபகம் வந்துவிடும்.

சின்னவர்களின் ஓட்டு 2005 கோரலெஸ் - காஸ்டியோவுக்கு. பத்தாவது ரவுண்டில் கோரலெஸ் இரண்டு தடவை விழுந்து எழுந்து, அதே ரவுண்டில் காஸ்டியோவை நிறுத்தினார். பார்க்கிறவன் உட்கார முடியாது. ஆனால் விழும்போதெல்லாம் கோரலெஸின் மவுத்பீஸ் வெளியே வந்தது. இரண்டாம் முறை ரெஃப்ரி ஒரு பாயிண்ட் குறைத்தாலும், அதைக் கழுவி மாட்டுகிற நேரம் அவருக்கு மூச்சு வாங்கக் கிடைத்தது. அதைத் தாண்டி என் மனம் போகவில்லை. 2024-ல் உசிக் ஃப்யூரியை ஜெயித்து நான்கு அமைப்புகளின் சாம்பியன் பெல்ட்டையும் சேர்த்தது பற்றியும் கேட்டார்கள். அருமையான சண்டை, ஆனால் மதிப்பு ஏறுமா இறங்குமா என்று சொல்ல இன்னும் பத்து வருடம் வேண்டும்.

என் பெண்பிள்ளைகளில் ஒருத்தி 2022-ல் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் கேட்டி டெய்லர் அமாண்டா செர்ரானோவை ஜெயித்ததைச் சொன்னாள். ஐந்தாவது ரவுண்டில் டெய்லர் வாங்கிய அடிக்கு நின்றதே பெரிது. பெண்களின் தொழில்முறைச் சண்டை நான் பார்த்தது குறைவு, அதனால் எந்த இடம் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அவளையே எல்லாவற்றையும் பார்த்துச் சொல்லச் சொல்லியிருக்கிறேன். ஹெவிவெயிட் பற்றி நான் பேசுவதிலும் ஒரு எல்லை உண்டு. நான் வாங்கிய குத்தெல்லாம் 54 கிலோக்காரர்களுடையது. ஃபோர்மேனின் கை விலாவில் இறங்கினால் எப்படி இருக்கும் என்பதை அலியின் முகத்தைப் பார்த்துத்தான் ஊகிக்கிறேன்.

சண்டை முடிந்து டிவியை அணைத்த பிறகும் பிள்ளைகள் எழவில்லை. கேள்வி கேட்டு இதையெல்லாம் ஆரம்பித்துவைத்தவன், “அந்தக் கடைசிக் குத்தை ஏண்ணே விடலை?” என்றான். “விழுந்துக்கிட்டு இருந்தார்ல” என்றாள் பக்கத்தில் இருந்தவள். மறுபடி அந்த இடத்தைப் போடச் சொன்னார்கள், மூன்று தடவை போட்டேன்.

அடுத்த ஞாயிறு டோக்கியோ. மச்சான் கடையைப் பூட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். எட்டாவது ரவுண்டு வரும்போது நான் வாய் திறக்கக்கூடாதாம், அதை அவரே பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்வாராம்.